போர் முடிஞ்சாச்சுன்னு சொன்னப்புறம் பட்டாளம் என்ன பண்ணுதுன்னு எப்படிப் படிக்கறது

"சண்டை முடிஞ்சிடுச்சு"ன்னு ஒரு நாட்டுத் தலைவர் மைக் முன்னாடி சொன்னதும் டிவிக்காரங்க மேப்பைச் சுருட்டி வச்சுட்டு கிரிக்கெட்டுக்குப் போயிடறாங்க, பாக்கற நமக்கும் அத்தோட எல்லாம் முடிஞ்ச மாதிரி ஆயிடுது. அங்க இருக்கற பட்டாளம் மட்டும் அங்கயேதான் இருக்கும், காலைல எந்திரிச்சு ஏதோ ஒரு வேலைக்குப் போகும், அது என்ன வேலைன்னு யாரும் சொல்றதில்ல.

குன்னூர், அருவங்காடு, வெலிங்டன் பக்கம் சிடிஎஸ் (ராணுவ அதிகாரி ஆகறதுக்கான எழுத்துத் தேர்வு) எழுதிட்டு எஸ்எஸ்பிக்கு (அதுக்கப்புறம் வர்ற நேர்முகத் தேர்வு) தயாராகற பசங்களும் பொண்ணுங்களும் இந்த இடத்துலதான் மாட்டிக்கறாங்க. அதுல லெக்சரெட்னு ஒரு குட்டிப் பேச்சு இருக்கு, கார்டைத் திருப்பினா போருக்குப் பின் ராணுவத்தோட பங்குன்னு இருக்கும், மூணு நிமிஷம் யோசிக்கலாம், மூணு நிமிஷம் பேசணும். "அமைதி காக்கும், மறுசீரமைப்புப் பண்ணும்"னு ரெண்டு வரி சொல்லிட்டு மிச்ச நேரம் முழிக்கறாங்க. பரீட்சை இல்லாதவங்களும் படிக்கலாம், நியூஸ் பாக்கறதுக்கு உதவும்.

முதல்ல ஒரே ஒரு கேள்வி வச்சுக்கோங்க, மத்ததெல்லாம் அப்புறம். அந்த ஊர்ல ஒருத்தர் வீட்ல திருட்டுப் போனா அவரு யார்கிட்டப் போய்ச் சொல்றாரு?

நம்ம வெலிங்டனையே எடுத்துக்கோங்க. நூத்தம்பது வருஷத்துக்கு மேல பட்டாளம் இருக்கற ஊரு, மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டர் இங்கதான், ஸ்டாஃப் காலேஜ் இங்கதான், கேட்ல நிக்கற சென்ட்ரி வண்டியை நிறுத்தி ஐடி கேப்பாரு, எந்த ரோட்ல போகலாம் போகக்கூடாதுன்னு சொல்லுவாரு. ஆனா உங்க வீட்ல சிலிண்டர் காணாமப் போச்சுன்னா நீங்க போறது போலீஸ் ஸ்டேஷனுக்குத்தானே, பட்டா பிரச்சனைன்னா குன்னூர் தாலுகா ஆபீஸ், தண்டிக்கணும்னா கோர்ட். ஊரெல்லாம் யூனிஃபார்ம் இருந்தாலும் ஊரை நடத்தறது பட்டாளம் இல்ல. போர் முடிஞ்ச ஊர்ல இது தலைகீழா இருக்கும், போலீஸ் ஓடிப் போயிருக்கும், தாசில்தார் இருக்க மாட்டாரு, கோர்ட் எரிஞ்சு கிடக்கும், அதனால திருட்டு, நிலத் தகராறு, குடிதண்ணி எல்லாமே துப்பாக்கி வச்சிருக்கறவன்கிட்டயே வந்து நிக்கும். அது எத்தனை நாள்ல பழையபடி போலீஸ்கிட்டயும் ஆபீஸ்கிட்டயும் திரும்பிப் போகுதுங்கறதுதான் மொத்த சமாச்சாரமும். திரும்பிப் போச்சுன்னா போர் முடிஞ்சது, போகலேன்னா யாரு எந்த மைக்ல என்ன சொன்னாலும் முடியல.

இதுக்கு சட்டமே இருக்கு. 1907 ஹேக் விதிகள்ல 43ஆவது பிரிவு, ஒரு இடத்தைப் புடிச்ச படைதான் அங்க ஒழுங்கையும் பொது வாழ்க்கையையும் தன்னால முடிஞ்ச வரைக்கும் திரும்பக் கொண்டு வரணும்னு சொல்லுது. இதை மனசுல வச்சுட்டு 2003 ஏப்ரல் பாக்தாத்தைப் பாருங்க, அமெரிக்கப் படை உள்ள வந்தாச்சு, ஆயில் மினிஸ்ட்ரிக்குக் காவல் போட்டாச்சு, தேசிய மியூசியத்தை ஜனம் நாள் கணக்குல சூறையாடுச்சு. ஊர்க்காரனுக்கு அன்னைக்கே புரிஞ்சு போச்சு, திருட்டுப் போனா சொல்றதுக்கு ஆள் இல்லன்னு.

அடுத்தது அறிவிப்போட தேதியையும் வார்த்தையையும் நோட்ல எழுதுங்க, சும்மா தலைப்பைப் படிச்சுட்டு விடாதீங்க. 2003 மே 1, கப்பல் மேல நின்னு அமெரிக்க அதிபர் புஷ் ஈராக் பத்தி சொன்னது பெரிய அளவிலான சண்டை முடிஞ்சதுன்னு, அந்த "பெரிய அளவிலான"ங்கற சொல்லை எல்லாரும் விட்டுட்டாங்க. அதுவரைக்கும் செத்த அமெரிக்க சிப்பாய்ங்க 140 பேர் கிட்ட, 2011 டிசம்பர்ல வெளியேறும்போது கணக்கு 4,400ஐத் தாண்டியிருந்துச்சு. செத்த ஈராக்கியர் கணக்கு அதுக்கும் பல மடங்கு மேல. சண்டை முடிஞ்சதுன்னு சொன்னதுக்கு அப்புறம் செத்தவங்கதான் ஜாஸ்தி, இந்த ஒரு வரியை லெக்சரெட்ல சொன்னாலே எதிர்ல இருக்கறவர் நிமிர்ந்து உக்காருவாரு.

பேரு மாறுதான்னும் பாருங்க. ஈராக்ல 2010 செப்டம்பர் 1ல இருந்து ஆபரேஷனுக்கு நியூ டான்னு புதுப் பேரு, சுமார் 50,000 பேர் அங்கயே இருந்தாங்க, பிரிகேடுக்கு முன்னாடி ஆலோசனை, உதவின்னு அடைமொழி சேந்துச்சு. ஆப்கானிஸ்தான்ல 2014 கடைசில நேட்டோ நடத்தின ஐசாஃப் படை போய் 2015 ஜனவரில ரெசொல்யூட் சப்போர்ட்னு புதுப் பேர்ல நேட்டோ படை வந்துச்சு, பயிற்சி கொடுக்கறதுதான் வேலைன்னாங்க. போஸ்னியால 1995 டிசம்பர்ல ஐஃபோர்னு நேட்டோ தலைமையில சுமார் 60,000 பேர் இறங்கினாங்க, ஒரு வருஷத்துல எஸ்ஃபோர்னு பேர் மாறி ஏறக்குறைய பாதியாச்சு, 2004 டிசம்பர்ல ஐரோப்பிய யூனியன்காரங்க சுமார் 7,000 பேரோட வாங்கிக்கிட்டாங்க. பேர் மாறும்போது ஆள் எண்ணிக்கையும் கூடவே இறங்குதான்னு பாக்கணும், போஸ்னியால இறங்குச்சு. பேரு மட்டும் மாறி ஆள் அப்படியே இருந்தா அது போர்டு மாத்தின கடைதான்.

எந்த மாதிரி யூனிட் உள்ள போகுது, எது வெளிய வருதுன்னு பாக்கத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. டேங்க்கும் பீரங்கியும் வெளிய வந்து, இன்ஜினியர்ஸ், மெடிக்கல், சிக்னல்ஸ், மிலிட்டரி போலீஸ் உள்ள போனா வேலை நிஜமாவே மாறுதுன்னு அர்த்தம். இதுக்கு மேல இதுல சொல்ல ஒண்ணும் இல்ல.

தோத்த படையை என்ன பண்ணாங்கங்கறதுதான் அதைவிட முக்கியம், இதுல கொஞ்சம் நிறுத்தி நிதானமாப் படிங்க. 2003 மே 23ல ஈராக் ராணுவத்தையே ஒரு உத்தரவுல கலைச்சாங்க, லட்சக்கணக்கானவங்க சம்பளம் இல்லாம, ஆனா துப்பாக்கி சுடத் தெரிஞ்சவங்களா வீட்டுக்குப் போனாங்க. அப்புறம் புதுசா ஒரு ராணுவத்தை உருவாக்க வருஷக்கணக்கா பயிற்சி, தும்பை விட்டுட்டு வாலைப் புடிச்ச கதை.

இதோட சேத்து 1971 வங்கதேசப் போரைப் படிங்க, நம்மாளுங்களுக்கு அது டிசம்பர் 16 டாக்கால கையெழுத்தோட முடிஞ்சிடுது, அப்ப ராணுவத் தளபதியா இருந்த மானெக்‌ஷா நம்ம குன்னூர்ல இருந்தவரு, ஊட்டில பார்சி கல்லறைலதான் அடக்கம், அதனால இங்க எல்லாருக்கும் அந்த 13 நாள் கதை தெரியும். 17ஆம் தேதி காலைல என்ன நடந்துச்சுன்னு கேட்டா தெரியாது. சரணடைஞ்ச பாகிஸ்தான்காரங்க, சிவிலியனையும் சேத்து, சுமார் 93,000 பேரு. ஒன்பது மாசமா கொடுமை பட்ட ஊரு அது, பழி வாங்கக் காத்துட்டு இருந்துச்சு, அதனால நேத்து வரைக்கும் யாரைச் சுட்டாங்களோ அவங்களையே இன்னைக்கு காப்பாத்தற வேலை இந்திய சிப்பாய்க்கு வந்துச்சு, முதல் சில நாளு பாகிஸ்தான் சிப்பாய்ங்க தங்களைக் காப்பாத்திக்க ஆயுதத்தைக் கையிலயே வச்சிருக்கவும் விட்டாங்க. அப்புறம் அவங்களை இந்தியாவுக்குக் கொண்டு வந்து கேம்ப்ல வச்சு சோறு போட்டது, 1973 ஆகஸ்ட் டெல்லி ஒப்பந்தம் வரைக்கும் இழுத்து, 1974 ஏப்ரல்லதான் கடைசி ஆள் போய்ச் சேந்தாங்க. சண்டை நின்னதும் தாமதிக்காம கைதிகளை அனுப்பணும்னு மூணாவது ஜெனீவா உடன்படிக்கை 118ஆவது பிரிவு சொல்லுது, அங்க ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, இதையும் மறைக்காம சொல்லுங்க, சொன்னா மார்க் குறையாது.

ஊரை விட்டுக் கொடுத்த வேகம்தான் அதுல பெருசு. டாங்காயில் பக்கம் இருந்த விடுதலைப் போராளிங்க 1972 ஜனவரிலயே ஆயுதத்தை வங்கதேசத் தலைவர் முஜிப் முன்னாடி கொண்டு வந்து வச்சாங்க, இந்தியப் படை மார்ச் 12ல டாக்கால அணிவகுப்பு நடத்திட்டுக் கிளம்புச்சு, மூணு மாசம் கூட ஆகல. சிட்டகாங் துறைமுகத்துல கண்ணிவெடியும் முங்கின கப்பலும் எடுக்கற வேலையை சோவியத் கடற்படை 1972ல ஆரம்பிச்சு 1974 வரைக்கும் பண்ணுச்சு. ஜெயிச்ச படை சீக்கிரமா கிளம்பணும், வேலை தெரிஞ்சவன் இருந்து வேலையை முடிக்கணும்கறது என்னோட கருத்து, ஒத்துக்கலைன்னாலும் பரவால்ல.

கண்ணிவெடின்னு சொன்னதும் இலங்கை வடக்குல இருக்கற வன்னி ஞாபகம் வருது. கூடலூர், கோத்தகிரி பக்கம் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துல வந்த தாயகம் திரும்பியவங்க குடும்பங்க எத்தனையோ இருக்கு, டான்டீ (அரசு தேயிலைத் தோட்டம்) தொழிலாளர் லைன்ல போய்க் கேட்டா இலங்கைல சொந்தம் இருக்குன்னு சொல்றவங்க நிறைய, அதனால இந்த ஊர்ல இது வெறும் ஜிகே இல்ல. 2009 மே மாசம் போர் முடிஞ்சது, ஏறக்குறைய மூணு லட்சம் பேரை முகாம்ல வச்சாங்க, அதுல பெரிய முகாம் மெனிக் ஃபார்ம், அதை மூடினது 2012 செப்டம்பர்ல. கண்ணிவெடி எடுக்கறவங்க வேலை செய்யற விதத்தைப் பாத்தீங்கன்னா, ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரு சந்து அடையாளம் வச்சு, கயிறும் குச்சியும் நட்டு, முகத்துக்கு கண்ணாடி மூடி, நெஞ்சுக்கு கவசம் போட்டு, முட்டி போட்டு உக்காந்து, வார்கோல்ல மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா தன் பக்கம் இழுப்பாங்க, ஒரு வார்கோல் கெட்டி மண்ணை உடைக்க, இன்னொண்ணு சன்னமா சலிக்க. தூரத்துல இருந்து பாத்தா கேத்தில கேரட் பாத்தியில வேலை செய்யறவங்க மாதிரியே இருக்கும். ராணுவமும் இதைப் பண்ணுச்சு, ஹாலோ டிரஸ்ட் மாதிரி கண்ணிவெடி அகற்றற தொண்டு அமைப்புகளும் பண்ணுச்சு, அந்த அமைப்புகள்ல நிறையப் பேர் உள்ளூர்ப் பொண்ணுங்க. 2020 தாண்டியும் வேலை ஓடிட்டு இருந்துச்சு.

இது நல்ல பக்கம். இப்ப முதல் கேள்வியைக் கேளுங்க. வடக்கு மாகாணத்துக்கு 2009ல இருந்து 2015 வரைக்கும் கவர்னரா இருந்தவர் ரிட்டயர்டு மேஜர் ஜெனரல் சந்திரசிறி. ரோட்டோரம் ராணுவம் நடத்தற டீக்கடை, ராணுவம் பண்ற காய்கறித் தோட்டம், காங்கேசன்துறைல ராணுவத்தோட ரிசார்ட். முல்லைத்தீவுல கேப்பாப்பிலவு ஜனங்க 2017ல தங்க காணியைக் கேட்டு கேம்ப் வாசல்லயே உக்காந்தாங்க, காணிப் பிரச்சனைக்கு அவங்க போய் நின்னது கச்சேரி (அங்க அரசாங்க ஆபீஸுக்குப் பேரு) வாசல்ல இல்லைங்கறதை கவனிங்க. அதனால எந்த நாட்டு நியூஸா இருந்தாலும் படை கடை வைக்குதா, விவசாயம் பண்ணுதா, நிலம் யார் கையில இருக்குன்னு தேடிப் பாருங்க. பாலம் கட்டிட்டுப் போறது ஒண்ணு, பாலத்துக்குப் பக்கத்துலயே ஹோட்டல் கட்டி உக்காந்துக்கறது வேற.

தலைகீழாவும் நடக்கும், அதை விட்டா படிச்சது அரைகுறை. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்கு அப்புறம் இந்திய அமைதிப் படை ஆயுதத்தை வாங்கி வைக்கத்தான் இலங்கைக்குப் போச்சு, மெட்ராஸ் ரெஜிமெண்ட் பட்டாலியன்களும் போச்சு, அக்டோபர்லயே புலிகளோட நேருக்கு நேர் சண்டை. 1990 மார்ச் 24ல திரும்பி வர்றதுக்குள்ள சுமார் 1,200 சிப்பாய்ங்க போயிட்டாங்க, அங்க தமிழ் ஜனங்க பட்டது தனிக் கதை, அதை சொல்லாம இதை மட்டும் சொல்றது நியாயம் இல்ல. சண்டை போடவா, நடுவுல நிக்கவான்னு உத்தரவு தெளிவா இல்லாட்டி சிப்பாயும் சாவான், ஊரும் சாகும். அதனால மேண்டேட்னு ஒண்ணு இருக்கும், ஐநா தீர்மானமோ ரெண்டு நாட்டு ஒப்பந்தமோ, அதுல எப்போ சுடலாம், யாரைக் கைது பண்ணலாம், கைது பண்ணா யார்கிட்ட ஒப்படைக்கணும், எந்தத் தேதில கிளம்பணும்னு இருக்கா பாருங்க. கடைசி தேதி இல்லேன்னா சிவப்பு மைல கோடு போடுங்க.

இப்ப பேசற விஷயம். மூணு நிமிஷத்துக்கு ரெண்டு உதாரணம் போதும், ஆறு நாட்டைப் பேர் மட்டும் சொல்லி ஓடாதீங்க. ஒண்ணு சரியாப் போனது, ஒண்ணு கெட்டுப் போனது, ரெண்டுக்கும் அந்த ஒரே கேள்வியைப் போட்டுக் காட்டுங்க. இங்கிலீஷ்லதான் பேசணும், ஆனா யோசிக்கறதை தமிழ்ல யோசிங்க, வீட்ல கண்ணாடி முன்னாடி பேசறதை விட ஒரு ஆளை உக்கார வச்சுப் பேசுங்க, அந்தாளு நடுவுல "ஏன்?"னு கேக்கணும். தேதி தப்பா வரும்னு பயமா இருந்தா வருஷத்தை மட்டும் சொல்லுங்க.

எல்லாரும் ஈராக் சொல்லுவாங்க, அதனால கொரியாவையும் கையில வச்சுக்கோங்க. 1953 ஜூலை 27ல சண்டை நின்னுச்சு, சொந்த நாட்டுக்குத் திரும்ப மாட்டோம்னு சொன்ன கைதிங்க 22,000 பேருக்கு மேல, இவங்களை யாரு பாத்துக்கறதுன்னு ரெண்டு பக்கமும் அடிச்சுக்கிட்டப்ப இந்தியா ஆள் அனுப்புச்சு, கைதிகளைப் பாத்துக்க வச்ச நடுநிலை நாடுகள் கமிஷனுக்குத் தலைவர் ஜெனரல் திம்மையா, காவல் படைக்கு ஜெனரல் தோரட். தென்கொரியத் தலைவர் சிங்மன் ரீ என் மண்ணுல இந்தியப் படை கால் வைக்கக் கூடாதுன்னுட்டாரு, அதனால கப்பல்ல இருந்து ஹெலிகாப்டர்லயே தூக்கி நடுவுல இருந்த பகுதில இறக்கினாங்க. அந்த சண்டைல இந்தியா அனுப்பினது ஒரு ஃபீல்ட் ஆம்புலன்ஸ் மட்டும்தான், சண்டை நின்னப்புறம் போனது சில ஆயிரம் பேர். 1954 பிப்ரவரில வேலை முடிஞ்சு கிளம்பினாங்க, வடக்கும் வேணாம் தெற்கும் வேணாம்னு சொன்ன 88 கைதிங்களும் கூடவே இந்தியாவுக்கு வந்தாங்க.