சோவியத் பீரங்கி எறிகணையை இனங்காண்பது எப்படி? பூஜ்யமும் மூன்றும் ஏமாற்றிய கதையோடு

பெர்லினுக்குக் கிழக்கே, ஓடர் ஆற்றை ஒட்டிய ஊரொன்றில் வேலை கிடைத்து வந்த பிறகுதான் எனக்கு இந்தப் பழக்கம் தொற்றியது. 1945 ஏப்ரல் 16 முதல் 19 வரை சீலோ குன்றுகளில் நடந்த போரில் சோவியத் தளபதி ஷூகோவின் படை சுட்டுத் தள்ளியவற்றின் மிச்சம் இன்றும் இந்த வட்டாரத்து மண்ணுக்குள் கிடக்கிறது. இங்குள்ள பழம்பொருள் சந்தைகளிலும் வெற்று உறைகளும் (எறிகணையைச் செலுத்தும் வெடிமருந்தை அடைத்த பித்தளைக் குப்பிகள்), உள்ளீடு அகற்றப்பட்ட எறிகணைகளும் விற்பனைக்கு வருகின்றன. அப்படி வாங்கிய ஒன்றை இன்னதென்று கண்டறியும் முறையைத்தான் இங்கே விளக்குகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த விளக்கம் கடையிலோ பழைய சேகரிப்பாளரிடமோ வாங்கிய, வெடிபொருள் இல்லை என்பதற்கு எழுத்துச் சான்று உள்ள, உட்குழிவு கண்ணுக்குத் தெரியும்படி துளையிடப்பட்ட அல்லது அறுக்கப்பட்ட பொருட்களுக்கு மட்டுமே பொருந்தும். மண்ணிலிருந்து கிடைத்ததைத் தொடக்கூடாது. நகர்ந்து நின்று 110 என்ற எண்ணில் காவல்துறையை அழைக்க வேண்டும். பிராண்டன்பர்க் மாநிலத்தில் தனியாட்கள் வெடிபொருள் தேடுவதற்கே தடை இருக்கிறது. "இனெர்ட்" (வெடிபொருள் அற்றது) என்று ரஷ்ய மொழியில் எழுதியிருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. வெள்ளைப் பெயின்ட்டும் தகர அச்சும் யாரிடமும் இருக்கலாம் என்பதால் அந்த எழுத்தை நான் சான்றாகவே கொள்வதில்லை, துளைதான் சான்று.

முதல் வேலை அளப்பது. எறிகணையின் தோளுக்குச் சற்றுக் கீழே, மெருகேற்றிய வளையம் போல் ஒரு பகுதி இருக்கும். பீரங்கிக் குழாயின் உட்சுவரோடு ஒட்டிப் போவது அதுதான் என்பதால், அங்கேதான் அளக்க வேண்டும். அடிப்பக்கத்தைச் சுற்றியுள்ள செம்புப் பட்டையின் மேல் அளந்தால் அளவு கூடும், உடலின் நடுவில் அளந்தால் குறையும். பலரும் டிஜிட்டல் வெர்னியர் வாங்கச் சொல்கிறார்கள். அதன் தாடை பெரிய எறிகணைகளின் நடுக்கோடு வரை எட்டுவதில்லை. தையல்காரர் நாடாவால் சுற்றளவை எடுத்து 3.14 ஆல் வகுப்பதே எனக்குப் பிடித்த வழி. சுற்றளவு சுமார் 141 மி.மீ. என்றால் 45 மி.மீ. டாங்கி எதிர்ப்புப் பீரங்கியினுடையது. 239 என்றால் 76.2, 267 என்றால் 85, 383 என்றால் 122.

உறையாக இருந்தால் வாயை நம்பாமல் நீளத்தை நம்புங்கள், ஏனெனில் வாய் பெரும்பாலும் நசுங்கியிருக்கும். 76.2 மி.மீ. உறைகளிலேயே 385 மி.மீ. நீளமுள்ளது ஸிஸ்-3 களப்பீரங்கிக்கும் டி-34 டாங்கிக்கும் உரியது, 558 என்றால் 1931 மாதிரி விமான எதிர்ப்புப் பீரங்கியினுடையது. அடிவிளிம்பின் அகலத்தை மட்டும் பார்த்து முடிவுகட்டக்கூடாது. 57 மி.மீ. ஸிஸ்-2 பீரங்கியின் 480 மி.மீ. உறைக்கும் இந்த 385 உறைக்கும் அடி ஒன்றுதான்.

அடுத்தது எழுத்துகளை வாசிப்பது. நான் இரண்டு வாரம் சிக்கிக் கிடந்த இடம் இது. என் முதல் எறிகணை, பக்கவாட்டில் நீளவாக்கில் அறுக்கப்பட்ட 76 மி.மீ. துண்டு. அதன் உடலில் மங்கலாகத் தெரிந்ததை 0350 என்று குறித்துக்கொண்டு, அந்த எண்ணைத் தேடித் தேடிச் சலித்தேன். அது பூஜ்யமே அல்ல, ரஷ்ய "ஓ" என்ற எழுத்து. சிதறுகுண்டு என்பதற்கான ரஷ்யச் சொல்லின் முதலெழுத்து அது. ஓ-350ஏ என்றால் எஃகுத்தன்மை கொண்ட வார்ப்பிரும்பால் செய்த 76 மி.மீ. சிதறுகுண்டு.

இதே போல ரஷ்ய "ப" (Б) எழுத்து 6 போலவும், "ஸ" (З) எழுத்து 3 போலவும், "ர" (Р) எழுத்து ஆங்கில "பி" (P) போலவும் தோன்றும். ஆகவே "6பி-350" என்று உங்கள் கண்ணுக்குப் பட்டால் அது கவசந்துளைக்கும் எறிகணையான பிஆர்-350 தான். ஓஎஃப் என்பது சிதறலும் தகர்ப்பும் சேர்ந்த வகை. எழுத்தை அடுத்து வரும் எண்ணும் குழாய் அளவைக் காட்டிக்கொடுக்கும்: 240 என்றால் 45 மி.மீ., 350 என்றால் 76, 365 என்றால் 85, 412 என்றால் 100, 462 என்றால் 122 மி.மீ. ஹோவிட்சர், 540 என்றால் 152.

முனையில் ஃபியூஸின் (எறிகணையை வெடிக்கத் தூண்டும் கருவியின்) வெற்றுடல் பொருத்தப்பட்டிருந்தால் அங்கேயும் இதே குழப்பம் காத்திருக்கிறது. 122, 152 மி.மீ. எறிகணைகளுக்கு வந்த ஆர்ஜிஎம்-2 வகையின் பக்கத்தில், கருவியால் திருப்பும் சிறு குழாய்த்திருகு ஒன்றைக் காணலாம். அதன் அருகே 0, 3 என்று பொறித்திருப்பதாகத் தோன்றும். விநாடிக் கணக்கு என்றே நானும் நினைத்தேன். உண்மையில் அவை "ஓ", "ஸ" என்ற எழுத்துகள்: திறந்தது, மூடியது. மூடிய நிலையில் எறிகணை சற்றுத் தாமதித்து வெடிக்கும்.

செம்புப் பட்டைக்கு மேலே உடலில் கூட்டல், கழித்தல் குறிகள் இருந்தால் அவை எடை வேறுபாட்டைச் சொல்பவை. ஆங்கில "எச்" போன்றது ரஷ்ய "ன". எடை இயல்பானது என்று பொருள். ஒரு கூட்டல் குறி, எடை ஒரு சதவீதத்தில் மூன்றிலொரு பங்கு முதல் ஒரு சதவீதம் வரை கூடுதல் என்பதைக் காட்டும். குறிகள் நான்கு வரை போகும். குறிபார்ப்பவன் இதை வைத்துத் தூரத்தைத் திருத்திக்கொள்வான்.

உறையின் பக்கத்தில் 9/7 என்று கண்டதும் ஜூலை 9 என்று எண்ண வேண்டாம். துகளில் ஏழு துளைகளும், அவற்றுக்கு இடையே சுமார் 0.9 மி.மீ. தடிமனுள்ள சுவரும் கொண்ட வெடிமருந்து என்பதே அதன் பொருள். எறிகணையின் மேல் கோடிட்டுப் பிரித்த மூன்று எண்களும் நாள், மாதம், ஆண்டு அல்ல. நிரப்பிய தொழிற்சாலை, தொகுதி, ஆண்டு என்ற வரிசையில் அவற்றை வாசிக்க வேண்டும்.

பெயின்ட் எழுத்தைவிட உலோகத்தில் பொறித்த முத்திரைக்கே நான் முதலிடம் தருவேன். கைவிளக்கை உலோகப் பரப்போடு ஒட்டிச் சாய்த்து ஒளி பாய்ச்சினால் தேய்ந்த முத்திரையும் நிழலில் எழுந்து நிற்கும். அதன்மேல் சாக்கட்டித் தூளை மெல்லத் தடவினால் இன்னும் தெளிவாகும். பிராசோ மெருகுப்பசை போட்டுப் பளபளப்பாக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆற்றாமைதான் வருகிறது. இரண்டு முறை தேய்த்தால் பக்கவாட்டு எழுத்து போயே போய்விடும். உறையின் ஆண்டும் எறிகணையின் ஆண்டும் பொருந்தாவிட்டால் போலி என்று உடனே தீர்மானித்துவிடாதீர்கள். சுட்ட பித்தளை உறைகளைப் போர்முனையிலிருந்து திரட்டி மீண்டும் நிரப்பினார்கள். 1902 மாதிரி ஜார் காலப் பீரங்கிக்கும் இதே 385 உறைதான் என்பதால், பழைய ஆண்டு பொறித்த உறை பின்னாளைய எறிகணையோடு வருவதில் வியப்பில்லை.

பின்சேர்க்கை: படித்தவர் ஒருவர், தம்மிடம் உள்ள 76 மி.மீ. எறிகணை ஏறத்தாழ 715 மி.மீ. உறையில் பொருந்தியிருக்கிறது, மேலே சொன்ன எந்த நீளத்தோடும் ஒத்துப்போகவில்லை என்று எழுதியிருந்தார். விற்றவர் இட்டுக்கட்டிய ஜோடியாக இருக்கும் என்றே முதலில் பதில் எழுதினேன்; அது அவசரம். கைப்பற்றிய சோவியத் எஃப்-22 பீரங்கிகளின் வெடியறையை ஜெர்மானியர்கள் மாற்றிக் குடைந்து, நீண்ட உறையோடு தங்கள் டாங்கி எதிர்ப்புப் பீரங்கியாகப் பயன்படுத்தினார்கள். எனவே அவர் தம் உறையின் அடித்தட்டு முத்திரையை ரஷ்யப் பட்டியலில் அல்ல, ஜெர்மன் பட்டியலில்தான் தேட வேண்டும்.