எந்தச் சாத்தனூர்? வழியோர வினோதங்களைத் தேடிப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செஞ்சியைத் தாண்டியதும் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி, சாத்தனூருக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "அணைக்குத்தானே?" என்றார் கடைக்காரர். இல்லை, கல்மரத்துக்கு என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாங்கள் போக வேண்டிய சாத்தனூர் பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. கைப்பேசி வரைபடம் எங்களைக் கூட்டிக்கொண்டு போனதோ திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணைக்கு. திண்டிவனத்தில் நேராகப் போக வேண்டிய வண்டியை, ஊர்ப் பெயரை மட்டும் தட்டிவிட்டு, மேற்கே திருப்பியிருந்தேன். விழுப்புரம் வந்து மறுபடி திருச்சி நெடுஞ்சாலையைப் பிடிப்பதற்குள் காலை வெளிச்சம் முழுவதும் போய்விட்டது. பின் இருக்கையில் அக்காவின் பிள்ளைகள் இருவரும் தூங்கிவிட்டார்கள்.

ஊட்டிக்கோ மீனாட்சியம்மன் கோயிலுக்கோ போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் வராது. கல்லாகிப்போன மரம், காகித மாலை போர்த்திய குதிரை, புயல் தின்ற ஊர் என்று வழியோர வினோதங்களைத் தேடிப் போகிறவர்களுக்குத்தான் வரும். சென்னையிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது அப்படிக் கிளம்புகிறவன் நான். இத்தனை பயணங்களில் கண்டுகொண்டது ஒன்றுதான்: இந்த இடங்கள் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு நேரமும் கிழமையும் பருவமும் உண்டு. அதைக் கேட்டுக்கொள்ளாமல் கிலோமீட்டரை மட்டும் வைத்துத் திட்டம் போடுவதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

முதலில் பெயர். ஊர்ப் பெயரோடு வட்டமும் மாவட்டமும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆலத்தூர் வட்டம், பெரம்பலூர் மாவட்டம் என்று எழுதி வைத்திருந்தால் நான் செஞ்சிப் பக்கமே போயிருக்க மாட்டேன். குளமங்கலம் என்றால் புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஓர் ஊர், மதுரைப் பக்கமும் ஓர் ஊர். உள்ளூரில் என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 'புதைபடிவப் பூங்கா' என்று கேட்டால் வயலில் நிற்பவர் விழிப்பார். 'கல்மரம்' என்றால் கையை நீட்டி வழி காட்டுவார். உட்புறச் சாலைகளில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பதால், வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

அந்தக் கல்மரத்துக்காக இவ்வளவு பாடா என்று கேட்டால், ஆம் என்பேன். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்த மரம் அது. 18 மீட்டருக்கும் மேல் நீளமாகக் கிடக்கிறது. வயது சுமார் 12 கோடி ஆண்டு. இன்றைக்குச் சோளமும் பருத்தியும் விளையும் அந்த நிலத்தின்மேல் அன்று கடல் ஏறி வந்திருந்தது. கடலடி வண்டலில் புதைந்த மரத்தின் திசுக்களில் கனிமங்கள் ஊறி, கொஞ்சம் கொஞ்சமாக மரம் போய்க் கல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அருகில் நின்று பார்த்தால் முடிச்சும் வரியும் மரத்தின் முடிச்சும் வரியுமாகவே இருக்கின்றன. ஆனால் உச்சி வெயிலில் அதிலிருந்து கிளம்பி முகத்தில் அடிக்கும் அனல் பாறையின் அனல். தூக்கம் கலைந்து இறங்கிய சின்னவள், "இதற்கு வலித்திருக்குமா?" என்று கேட்டாள். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வட்டாரத்தில் திருவக்கரையிலும் கல்மரங்கள் உண்டு. அதைப் பார்த்தாயிற்று, இது எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். அங்கே இருப்பவை சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையானவை, ஒரு பரப்பு முழுவதும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பவை. இரண்டும் வேறு வேறு காலம், வேறு வேறு காட்சி.

அடுத்து, நேரக் கணக்கு. சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330 கிலோமீட்டர், ஆறு மணி நேரம் என்று போட்டுவிட்டு, இடையில் நான்கு இடங்களைச் செருகுவார்கள். நான்குவழிச் சாலை ஊர்களை ஒதுக்கிவிட்டு ஓடுகிறது. நாம் பார்க்க வேண்டியதோ அந்த ஊர்களுக்கும் அப்பால் இருக்கிறது. ஒரு திருப்பத்தில் இறங்கி, குறுகிய சாலையில் போய், வழி கேட்டு, பார்த்து, திரும்பவும் நெடுஞ்சாலை ஏறுவதற்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடம் என்பது என் கணக்கு. மூன்றாவது இடம் தானாக வந்து சேரும். சேலம், ஆத்தூர் சாலையில் போனபோது புத்திரகவுண்டம்பாளையத்தில் 146 அடி உயர முத்துமலை முருகன் திடீரென எழுந்து நின்றார். எங்கள் பட்டியில் அவர் இல்லவே இல்லை. நிறுத்தி இறங்க நேரம் இருந்தது, அதனால் கும்பிட முடிந்தது.

கிழமையைப் பார்க்காமல் கிளம்புவது இன்னொன்று. முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை. சவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கியைப் பார்க்க ஆசையிருந்தால் பயணத்தையே சனிக்கிழமையைச் சுற்றித்தான் அமைக்க வேண்டும். ஆரோவில் மாத்ரிமந்திருக்கு உள்ளே போக முன்கூட்டியே பதிய வேண்டும். போய் நின்றால் தொலைவிலிருந்து தங்கக் கோளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கிராமத்துக் கோயில்கள் நண்பகலில் நடை சாத்தினால் மாலைதான் திறக்கும். மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைப் பாறையைக்கூட, ஞாயிறு மதியம் கூட்டத்துக்கு நடுவே பார்ப்பது ஒன்று, விடிந்ததும் போய் அந்தச் சரிவில் ஆள் இல்லாமல் பார்ப்பது வேறொன்று. விடியலில் போனால், இது ஏன் இன்னும் உருளவில்லை என்ற திகைப்பு நெஞ்சில் உட்காரும்.

பருவத்தைத் தவறவிட்டால் இடம் இருக்கும், காட்சி இருக்காது. மரக்காணம் உப்பளங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் போனால் பாத்திகள் மழைநீரில் மூழ்கிக் கிடக்கும். கண் கூசும் வெள்ளைக் குவியல்கள் கோடைக்கு உரியவை. வேடந்தாங்கல் அதற்கு நேர்மாறு, மழைக்குப் பிறகுதான் மரங்களில் பறவை நிறையும். முப்பந்தலில் காற்றாலைகள் முழு வேகத்தில் சுழல்வதைப் பார்க்க ஆடிக் காற்று வேண்டும்.

நான் மிகவும் வருந்துவது அய்யனார் கோயில்களில் நடப்பதைப் பற்றி. குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் சுமார் 33 அடி உயரக் குதிரை நிற்கிறது. மாசி மகத்தன்று வேண்டுதல்காரர்கள் கொண்டுவரும் காகித மாலைகள் அதன் கழுத்திலிருந்து தரை வரை அடுக்கடுக்காக விழும். நாங்கள் போனது திருவிழா முடிந்த பிறகு. சிவப்பு வெளிறிப்போயிருந்தது, மஞ்சள் இன்னும் மங்கவில்லை. காற்று வீசும்போதெல்லாம் அத்தனை மாலைகளும் ஒன்றாகச் சலசலத்தன. கண்ணை மூடிக்கொண்டால் பனங்காட்டில் நிற்பது போல இருந்தது. அதே நேரத்தில் ஓர் இளைஞர் கூட்டம் செருப்போடு உள்ளே வந்து, பக்கத்தில் இருந்த சிறிய மண்குதிரை ஒன்றின்மேல் கால் வைத்து ஏறிப் படம் எடுத்தது. அது யாரோ ஒரு தாய் பிள்ளைக்காக நேர்ந்து வைத்த குதிரை. சுட்ட மண் ஒரு மிதியைத் தாங்காது. நமக்கு வினோதமாகத் தெரிவது அந்த ஊருக்குச் சாமி. செருப்பைக் கழற்றுங்கள், பூசாரியிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், மாலையை இழுத்துப் பார்க்காதீர்கள். கல்மரத்திலிருந்து ஒரு சில்லை ஞாபகத்துக்கு எடுத்து வருகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். 12 கோடி ஆண்டு காத்திருந்தது நம் வீட்டு அலமாரிக்காக அல்ல.

செட்டிநாட்டில் செய்யும் தவறு அவசரம். கானாடுகாத்தான் வீடுகளை வாசலிலிருந்து படம் எடுத்துக்கொண்டு ராமேசுவரத்துக்கு ஓடிவிடுகிறார்கள். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் ஒரு பட்டறையில் அரை மணி நேரம் உட்காருங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து, உலோக அச்சின் ஒவ்வோர் அறைக்குள்ளும் வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார் தொழிலாளி. அச்சைத் தூக்குகிறார். வண்ணம் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்று நாம் பதறுவோம், கலப்பதில்லை. அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவையை வைத்து அழுத்தி மட்டம் செய்கிறார். பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறல். கண்ணாடியிலிருந்து பிரியும்போது கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. இதைப் பார்த்த பிறகு அந்த வீடுகளின் தரையில் கால் வைப்பதே வேறு மாதிரி இருக்கும். அவற்றில் பல இன்னும் சொந்தக்காரர்களின் வீடுகள் என்பதால், அனுமதி இல்லாத வாசலுக்குள் நுழையாதீர்கள்.

தனுஷ்கோடியை நாளின் கடைசியில் வைக்காதீர்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த அந்த ஊருக்கும் அதைத் தாண்டி அரிச்சல்முனைக்கும் 2017 முதல் நல்ல சாலை இருக்கிறது, ஆனால் மாலைக்குப் பிறகு வண்டிகளை அனுமதிப்பதில்லை. காலையில் போனால் இடிந்த தேவாலயச் சுவரின் நிழலில் நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

இருட்டியபின் கிராமச் சாலைகளில் ஓட்டவே வேண்டாம். வெள்ளைக் கோடு இல்லாத வேகத்தடைகள், சாலையில் காயப்போட்ட நெல், அதைச் சுற்றி வைத்த கற்கள், படுத்திருக்கும் மாடுகள் எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் கடைசி நொடியில்தான் தெரியும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஃபாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். பத்து, இருபது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களும் முதியவர்களும் வண்டியில் இருந்தால், நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் முன் நல்ல கழிப்பறை உள்ள பங்க் ஒன்றில் நிறுத்திவிட்டுப் போங்கள். எங்கள் அம்மா ஒரு பயணம் முழுவதும் தண்ணீர் குடிக்காமலே வந்தது இதனால்தான் என்று எனக்கு வீடு திரும்பிய பிறகே தெரிந்தது.

திரும்பும் நாளையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். விடுமுறை முடியும் ஞாயிறு மாலை, தென்மாவட்டங்களுக்குப் போனவர்களின் வண்டிகள் எல்லாம் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரை ஒரே வரிசையில் நிற்கும். திருச்சியை மதிய உணவுக்கு முன்பே கடந்துவிடுங்கள். முடியாது என்றால் விழுப்புரத்தில் தங்கிவிட்டு, திங்கள் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள். ஏழு மணிக்குள் பெருங்களத்தூரைத் தாண்டிவிடலாம், பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விடுவார்கள்.