நின்ற இடத்தில் கார் குலுங்குகிறதா? பெட்ரோல் காருக்கு ஓர் ஐடிலிங் செய்முறை

குமுளி செக்போஸ்ட் வரிசையில் நிற்கும்போதுதான் பலருக்கும் இது தெரியவரும். மலை ஏறும்வரை வண்டி ஒழுங்காகத்தான் வந்திருக்கும். நின்று இஞ்சின் சும்மா ஓடும்போது (இதுதான் ஐடிலிங்) ஸ்டீயரிங் நடுங்கும், டாஷ்போர்டு கடகடக்கும், இஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் ஏறி இறங்கும். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில், பெட்ரோல் தெளிக்கும் இஞ்செக்டருக்குக் கிளீனிங் என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் உங்கள் வண்டிக்கு வேண்டியது பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். அது எது என்பதை, காசு செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கி, நீங்களே ஏறக்குறையக் கண்டுபிடித்துவிடலாம். இங்கே சொல்வது இஞ்செக்‌ஷன் வைத்த பெட்ரோல் கார்களுக்கு. டீசல் ஜீப்புக்குக் கணக்கே வேறு.

முதலில் கவனியுங்கள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். நம் ஊரில் சமதளம் கிடைப்பதே அபூர்வம், அதனால் கல் கட்டாயம். மூடிய ஷெட்டுக்குள் இஞ்சினை ஓடவிட வேண்டாம், புகை ஆளைக் கொல்லும்.

காலையில் குளிர்ந்த இஞ்சினில் ஆர்பிஎம் ஆயிரத்துக்கு மேல் நிற்பது இயல்பு. சூடானபின் 700 முதல் 900க்குள் வந்து நிலைக்க வேண்டும். மூன்று சிலிண்டர் வண்டியில் லேசான அதிர்வு எப்போதும் இருக்கும், அதை நோயாக நினைக்க வேண்டாம். சரி, உங்கள் வண்டி எப்போது குலுங்குகிறது? குளிரிலா, சூடான பிறகா? ஏசி போட்டால் மட்டுமா? மழைக்கு மறுநாளா? பெட்ரோல் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யும்போது மட்டுமா? இவற்றை எழுதி வையுங்கள். பிறகு மெக்கானிக்கிடமே போக நேர்ந்தாலும் இந்தக் காகிதம் உதவும்.

செக் இஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு போய்ச் சேரலாம். விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓட்ட வேண்டாம். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியாகப் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும். அதன் விலையைக் கேட்டால் பிளக் விலையெல்லாம் மறந்துபோகும்.

ஸ்கேனர் போடுங்கள்

வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் புளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி போனில் பார்க்கலாம். பி0300 வந்தால் எந்தச் சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஸிங், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது. பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே போகும். பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. குறியீடு ஒரு துப்புதான், தீர்ப்பு இல்லை. பி0301 வந்த உடனே காயில் வாங்க ஓடாதீர்கள்.

காயில், பிளக்

நம் பக்கத்தில் இதற்குத்தான் வேலை அதிகம். தென்மேற்குப் பருவமழை, அப்புறம் வடகிழக்கு என்று இரண்டு மழையும் இங்கே உண்டு. வாட்டர் சர்வீஸில் இஞ்சின்மேல் பிரஷராகத் தண்ணீர் அடிப்பதும் சேர்ந்துகொள்ளும். பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் தண்ணீர் தேங்கினால் மின்சாரம் பிளக்கின் நுனிக்குப் போகாமல் பக்கவாட்டில் கசியும்.

இஞ்சின் நன்றாக ஆறியபின் தொடங்குங்கள். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை பெயர்ந்துவரலாம். சாவியை எடுத்துவிட்டு, காயிலின் கனெக்டரைக் கழற்றி, போல்ட்டை எடுத்து, காயிலை மேலே இழுங்கள். குழியில் ஈரம் இருந்தால் துணியால் ஒற்றி, காற்றடித்துக் காயவையுங்கள். பிளக்கைக் கழற்றும் முன் காற்றடிப்பது முக்கியம், இல்லாவிட்டால் மண்ணும் தூசும் சிலிண்டருக்குள் விழும்.

பி0301 காட்டும் வண்டியில் முதல் சிலிண்டர் காயிலையும் இரண்டாவது சிலிண்டர் காயிலையும் இடம் மாற்றிப் போடுங்கள். ஸ்கேனரில் குறியீட்டை அழித்துவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். இப்போது பி0302 வந்தால் குற்றவாளி காயில். இன்னும் பி0301 என்றால் காயில் நிரபராதி, அடுத்து பிளக்கை இதேபோல் மாற்றிப் பாருங்கள். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. பல ஒர்க்‌ஷாப்களில் இதைச் செய்யாமலே மொத்த செட்டையும் மாற்றிவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

பிளக் நுனி வெளிர்பழுப்பாக இருந்தால் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. எண்ணெய் ஈரம் என்றால் இஞ்சின் ஆயில் உள்ளே இறங்குகிறது. வெள்ளைவெளேர் என்றிருந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது இஞ்சின் அதிகம் சூடாகிறது. பிளக் நுனியின் இடைவெளி (கேப்) எவ்வளவு என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். இரிடியம் பிளக்கைக் கம்பி பிரஷால் தேய்க்கக் கூடாது. திரும்பப் போடும்போது முதலில் கையால் மரையேற்றிய பிறகே ஸ்பேனர்.

காற்று ஒழுகுகிறதா?

ஏர் ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அடைத்திருந்தால் மாற்றுங்கள். பிறகு ஃபில்டர் பெட்டியிலிருந்து இஞ்சின்வரை போகும் ரப்பர் ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள். வெடிப்பு, கழன்ற கிளிப், எலி கடித்த தடம் இருக்கலாம். தோட்டத்து ஷெட்டில் நாள்கணக்கில் நிற்கும் வண்டியில் எலியைக் கட்டாயம் சந்தேகிக்க வேண்டும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸையும் விட்டுவிடாதீர்கள்.

இஞ்சின் ஓடும்போது 'உஸ்' என்ற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். ஃபேனிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் கையையும் துண்டையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமான இடத்தில் சோப்புத் தண்ணீரை லேசாகத் தெளித்தால் சத்தமோ ஓட்டமோ மாறும். சிலர் கார்ப் கிளீனர் அடிப்பார்கள். அது தீப்பிடிக்கும் சரக்கு, பழக்கமில்லாதவர்களுக்கு வேண்டாம்.

ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் என்று ஓர் எண் இருக்கும், கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று அது காட்டும். ஐடிலில் அது கூட்டலில் பத்து சதவீதத்தைத் தாண்டி, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நெருங்கினால் காற்று ஒழுகுவதற்கான வலுவான அடையாளம். இது உள்ளே போகும் காற்றை நேராக அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிகளுக்குப் பொருந்தும். காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் மேப் சென்சார் வண்டியில் ஒழுக்கு இருந்தால் ஐடில் ஆர்பிஎம் உயர்ந்து நிற்பதே வழக்கம்.

திராட்டில் பாடி

ஏசி போட்டதும் ஆர்பிஎம் விழுந்து இஞ்சின் நிற்கப் பார்க்கிறதா? முதலில் இங்கே பாருங்கள். இஞ்சினுக்குள் காற்றை அளந்துவிடும் திராட்டில் தகடு ஐடிலில் கிட்டத்தட்ட மூடியே இருக்கும், அதைச் சுற்றிய மெல்லிய இடைவெளியில்தான் காற்று நுழையும். அங்கே கரி படிந்தால் மூச்சு முட்டும்.

சாவியை எடுத்துவிட்டு, ஹோஸைக் கழற்றி, திராட்டில் கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். எலக்ட்ரானிக் திராட்டில் என்றால் தகட்டை விரலால் தள்ளித் திறக்கக் கூடாது, உள்ளே பல்சக்கரம் போய்விடும். சுத்தம் செய்தபின் கொஞ்ச நேரம் ஆர்பிஎம் கூடுதலாக நிற்கலாம். அது தானாக இறங்காவிட்டால் கையேட்டில் சொன்ன ஐடில் ரீலேர்ன், அதாவது கம்ப்யூட்டருக்கு ஐடில் அளவை மறுபடி பழக்குவது, செய்ய வேண்டும்.

உயரத்தைக் குறை சொல்லலாமா?

"மலை ஏறினா இப்படித்தான்" என்று சொல்வார்கள். 1000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். அதனால் கீழே கம்பம் ஊரில் ட்யூனிங் செய்த கார்புரேட்டர் வண்டி குமுளியில் கொஞ்சம் கரும்புகை தள்ளும், அதற்கு ஏர் ஸ்க்ரூவைத் தொடலாம். இஞ்செக்‌ஷன் வண்டியோ சென்சாரைப் பார்த்துத் தானே பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். அதில் உயரம் ஒரு சாக்கு.

இன்னும் தீரவில்லை என்றால்

டேங்க் நிரப்பிய உடனே ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் தடுமாறினால் டேங்கின் பெட்ரோல் ஆவியை இஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கலாம். ஆர்பிஎம் முள் அசையாமல் நிற்க, சீட் மட்டும் அதிர்ந்தால் இஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட்டைப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அதே சிலிண்டர் மிஸ்ஸிங் அடித்தால் மெக்கானிக்கிடம் இஞ்செக்டரையும், சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்ற கம்ப்ரஷனையும் சோதிக்கச் சொல்லுங்கள். கம்ப்ரஷன் ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்திருந்தால், அதற்குள் ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.