மழைக்கு முன் ஸ்விஃப்டுக்கு டயர், வீல் அளவு: என் அனுபவம்

ஐப்பசி மழைக்கு முன்னாடி என் ஸ்விஃப்ட் காரில் 165/80 ஆர்14 டயர் (அகலம் 165 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 80%, வீல் 14 இன்ச்) இருந்த ஸ்டீல் வீலை எடுத்துட்டு 15 இன்ச் அலாய் வீல் போட்டேன். புதுச்சேரி கடையில் முதலில் காட்டியது 195/55 ஆர்15. பார்க்க அழகுதான், ஆனால் மொத்த விட்டம் 620 மி.மீ.லிருந்து 596க்கு இறங்கும். வண்டி 12 மி.மீ. தாழும், ஸ்பீடோமீட்டரும் கூடுதலாகக் காட்டும். சரியான அளவு 185/65 ஆர்15, விட்டம் 621.5.

அலாய் மாட்டியதும் 80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் உதறியது. வீலின் எடையைச் சமப்படுத்தும் பேலன்ஸிங்கை இரண்டு முறை செய்தும் தீரவில்லை. போல்ட் துளை 4×100 (100 மி.மீ. விட்ட வட்டத்தில் நான்கு துளை) பொருந்தியது, சிக்கல் நடுத்துளையில்தான்: அது 73.1 மி.மீ. வீல் உட்காரும் ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ.தான். அதனால் வீல் மையத்தில் உட்காரவில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் 73.1–54.1 ஹப் ரிங் (வளையம்) நான்கு வாங்கி, உப்புக் காற்றில் ஹப்பில் படிந்த துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டு மாட்டினேன். நட்டுகளைக் குறுக்குவாட்டில், வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கியபின் டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்கினேன். உதறல் போய்விட்டது.

ஸ்டீல் வீலின் பழைய நட்டு எல்லா அலாய்க்கும் பொருந்தாது, நட்டின் கூம்பு வடிவம் பொருந்துகிறதா என்று பாருங்கள். டயரில் நான்கு இலக்கத் தேதியையும் படியுங்கள்: 2324 என்றால் 2024இன் 23ஆம் வாரம். சட்டப்படி டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. இருந்தால் போதும், ஆனால் ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) தண்ணீர் தேங்கும்போது 3 மி.மீ.க்குக் கீழே நான் ஓட்டமாட்டேன்.