வீட்டில் கோவிட் நோயாளியா? டாக்டரிடம் போனில் ஆக்சிஜன் எண்ணைச் சொல்லுங்கள்

"எப்படி இருக்கு?" என்று குடும்ப டாக்டர் கேட்கும்போது "பரவாயில்லை" என்ற பதில் போதாது. கோவிடில் மூச்சுத்திணறல் தெரியாமலேயே ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிவிடக்கூடும். விரலில் மாட்டி அந்த ஆக்சிஜனை அளக்கும் சிறு கருவியான பல்ஸ் ஆக்சிமீட்டர் அதற்குத்தான்.

நோயாளியை 5 நிமிடம் பேசாமல் உட்கார வையுங்கள். நகப்பூச்சை அழியுங்கள், மருதாணி விரல் வேண்டாம், கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். மாட்டியதும் மின்னும் முதல் எண்ணை எழுதாதீர்கள்; ஒரு நிமிடமாவது விட்டு, அசையாமல் நிற்கும் எண்ணைக் குறியுங்கள். திரையில் இரண்டு எண்கள் வரும். சதவீதக் குறி போட்டதுதான் ஆக்சிஜன். பலர் நாடித்துடிப்பைச் சொல்லி டாக்டரைக் குழப்பிவிடுகிறார்கள்.

தினம் 3 முறை, நேரம், காய்ச்சலோடு எழுதுங்கள். 95, அதற்கு மேல் சரி. 94, 93 என்றால் வேறு விரலில் மறுபடி பார்த்துவிட்டு உடனே டாக்டரை அழையுங்கள். 92, அதற்குக் கீழே என்றால் 108 ஆம்புலன்ஸ்தான். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டர் வேறு அளவு சொல்வார்.

கருத்த தோலில் கருவி சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். அதனால் 98ல் இருந்தவர் 95க்கு வந்தாலும் சொல்லிவிடுங்கள். உதடு நீலமானால், ஆள் குழம்பிப் பேசினால், எண் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள்.