திட்டம் போட்டும் ஏன் சறுக்குகிறோம்? கிழக்கில் அடிக்கடி விடும் பிழைகள்

இலங்கையின் கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்தில் இருக்கும் ஒலுவில் துறைமுக வேலை 2008இல் தொடங்கியது. டென்மார்க்கின் கடனுதவியில் கட்டினார்கள். 2013 செப்டெம்பரில் திறப்பு விழாவும் நடந்தது. கொஞ்சக் காலத்திலேயே துறைமுக வாயை மணல் மூடத் தொடங்கியது. படகு வெளியே போவதும் உள்ளே வருவதும் பெரும்பாடாயிற்று. இன்னொரு பக்கம், துறைமுகத்துக்கு வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரையைக் கடல் அரித்தது. தென்னைகள் வேரோடு சரிந்தன.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. அந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். குறுக்கே கல்லணை போட்டால் தெற்குப் பக்கம் மணல் சேரும். வடக்கே போகவேண்டிய மணல் போகாமல் அங்கே கரை கரையும். ஆக, துறைமுகம் கட்டுவது என்பது வேலையில் பாதிதான். வாயில் சேரும் மணலை வருடாவருடம் யார் அள்ளுவது, எந்தக் காசில் அள்ளுவது, அள்ளியதை எங்கே கொட்டுவது என்பது மறுபாதி. அந்த மறுபாதியைப் பற்றி ஊரில் பெரிதாகப் பேச்சு எழுந்ததே வாய் அடைபட்ட பிறகுதான்.

நகரம், சங்கம், சொந்த வீடு என்று எதை எடுத்தாலும் நாங்கள் விடும் பிழைகளில் முதலாவது இதுதான்: திறப்பு விழாவோடு திட்டம் முடிந்தது என்று நினைப்பது. அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டைப் பாருங்கள். யானைகள் உள்ளே வராமல் இருக்கச் சுற்றிவர மின்வேலி போடப்பட்டிருந்தது. 2014இல் மின்னல் விழுந்து வேலி பழுதானது. திருத்த ஆளில்லை. 2022 ஜனவரியில் வெளிவந்த செய்திகளின்படி, அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அந்தக் குப்பையில் கிடந்த பிளாஸ்டிக்கைத் தின்று செத்திருக்கின்றன. வேலி போடுவதற்குக் காசு தேட முடிந்தது. வேலியைத் திருத்துவதற்கு ஒரு தொகையும் ஒரு பொறுப்பாளரும் கடதாசியில் இருந்திருந்தால் கதை வேறு.

சங்கங்களிலும் இதே கதைதான். ஒரே கிராமத்தில் இருபது பெண்களுக்குத் தையல் இயந்திரம் கொடுத்துப் படமும் எடுத்தாகிவிடும். ஒரு கிராமத்தில் இருபது பேர் தைத்தால் சட்டை தைக்கக் கொடுப்பவர் யார்? ஊசி உடைந்தால், பெல்ட் அறுந்தால் எங்கே கொண்டுபோவது? வீட்டுக்கு ஒன்று வாங்கும்போதும் சரி, ஊருக்கு ஒன்று கட்டும்போதும் சரி, மூன்றாம் வருடம் இதை யார் பார்ப்பது என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் திட்டம் இன்னும் பழுக்கவில்லை.

மாரியை மறந்துவிட்டுத் திகதி குறிப்பது

அரசாங்கத்தின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. எங்களுக்கு வடகீழ்ப் பருவமழை நவம்பரிலிருந்து ஜனவரி வரை கொட்டுகிறது. வருடம் முழுவதும் பெய்யும் மழையில் பெரும்பங்கு அந்த மாதங்களில்தான். இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒதுக்கீடு வந்து, எஸ்டிமேட் போட்டு, கேள்விப்பத்திரம் கோரி, ஒப்பந்தகாரரைத் தெரிவுசெய்யவே ஒக்டோபர் ஆகிவிடும். காசு திரும்பிப் போகக்கூடாது என்ற அவசரத்தில் அடைமழைக்குள் கொங்கிரீட் வீதி போடுவார்கள். மாலையில் போட்ட கொங்கிரீட்டை இரவோடிரவாகப் பொலித்தீன் விரித்து மூடுவதும், விடியும்போது மேலிருந்த சீமெந்துப் பால் முழுக்க வடிகானில் வெள்ளையாய் ஓடுவதும், அடுத்த சித்திரைக்குள் சல்லி கிளம்புவதும் மட்டக்களப்பில் வளர்ந்த யாருக்கும் புதிய காட்சியல்ல.

கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்கள்தான் கட்டட வேலைக்கு ஏற்ற காலம். அப்படியானால் எஸ்டிமேட்டும் அளவையும் அனுமதியும் பங்குனிக்குள் முடிந்திருக்க வேண்டும். அடுத்த வருடத்து வேலைக்கான கடதாசியை இந்த மாரியில், வெளியில் ஒன்றும் செய்ய முடியாத கிழமைகளில், உட்கார்ந்து எழுதி முடிக்கலாம். பிரதேச சபைக்கு மட்டுமல்ல, மகளுக்கு வீடு கட்டப்போகும் தகப்பனுக்கும் இது பொருந்தும். ஐப்பசியில் அத்திவாரம் வெட்டினால் குழிக்குள் தண்ணீர் இறைக்கிற கூலியே தனிக்கணக்கு.

மழையைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. தாழ்வான வளவை வாங்கி, கிறவல் நிரப்பி, றோட்டைவிட ஓரடி உயர்த்தி, மதிலும் கட்டிவிட்டால் தன் வீட்டுக்கு வெள்ளம் வராது என்பது ஒரு குடும்பத்தின் கெட்டிக்காரத்தனமான திட்டம். அதே ஒழுங்கையில் பத்துக் குடும்பம் அதே கெட்டிக்காரத்தனத்தைச் செய்தால், நிரப்ப வசதியில்லாத பதினோராவது வீட்டுக்குள் எல்லாருடைய தண்ணீரும் போய் நிற்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஊர்களில் தனித்தனி நல்ல திட்டங்கள் கூடி ஒரு கெட்ட ஊரை உண்டாக்கிவிடும். வடிகானை முதலில் தீர்மானித்துவிட்டு வளவுகளுக்கு அனுமதி கொடுக்க வேண்டும் என்பது நகரத் திட்டத்தின் அரிச்சுவடி. நாங்கள் அதைத் தலைகீழாகச் செய்கிறோம், அப்புறம் மாரி வந்ததும் மாநகர சபையைத் திட்டுகிறோம்.

அங்கே வாழ்கிறவரைக் கேட்காமல் கோடு கீறுவது

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு அரசாங்கம் கடற்கரையோரம் வீடு கட்டத் தடை வலயம் அறிவித்தது. தெற்கில் 100 மீற்றர், வடக்குக் கிழக்கில் 200 மீற்றர். நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. அத்தனை உயிர் போயிருந்தது. ஆனால் மட்டக்களப்பு நாவலடியில் நின்று 200 மீற்றரை அளந்து பார்த்தால் பின்னால் வாவி வந்துவிடும். சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. அதற்குப் பின்னால் வயல். கரைவலைக்காரரை ஊருக்குள்ளே தள்ளிக் குடியேற்றினால் வலையையும் தோணியையும் இரவில் யார் காப்பது? வரைபடத்தில் கீறிய கோட்டுக்கு இந்தக் கேள்விகள் தெரியாது. 2005 முடிவதற்குள் அந்தத் தூரங்களைத் தளர்த்த வேண்டி வந்தது. இடையில் எத்தனையோ குடும்பங்கள் கட்டவும் முடியாமல் போகவும் முடியாமல் கூடாரத்தில் கிடந்தன.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் நடந்தது வேறு மாதிரி. சவூதி உதவியில் 500 வீடுகள் கட்டி முடிந்தன. யாருக்குக் கொடுப்பது என்ற விடயம் வழக்குக்குப் போய், வீடுகள் ஆண்டுக்கணக்கில் பற்றை மண்டிக் கிடந்தன. வீட்டைக் கட்ட முதல் பெயர்ப் பட்டியலை எல்லாச் சமூகத்தாரோடும் பேசித் தீர்த்திருக்க வேண்டும். பேச்சு கஷ்டம் என்று தள்ளிப்போட்டால், கட்டி முடிந்த பிறகு அந்தக் கஷ்டம் பல மடங்காகத் திரும்பி வரும்.

கேட்டுச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கும் எங்கள் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. அதை எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது எனக்கு ஒரு குறை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் சேனநாயக்க சமுத்திரத்தைத் தந்தது, ஆயிரக்கணக்கான ஏக்கரை வயலாக்கியது. முப்பது வருடத்தில் இடதுகரை வாய்க்கால் சீரழிந்துவிட்டது. மடைக் கதவுகள் உடைந்து கிடந்தன. தலைமடைக்காரர் வேண்டியமட்டும் பாய்ச்சினார்கள், கடைமடைக்காரர் வானத்தைப் பார்த்தார்கள். தலைமடையில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைமடையில் தமிழ் பேசும் விவசாயிகள் என்பதால் தண்ணீர்ச் சண்டை எந்த நேரமும் வேறு சண்டையாக மாறக்கூடியதாக இருந்தது.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்க உதவியோடு அதைப் புனரமைத்தபோது, கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு வேலை செய்தன. இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாகத் தெரிந்தெடுத்துக் கிராமங்களிலேயே தங்கவைத்தன. அவர்கள் போனதும் சங்கம் தொடங்கவில்லை, தலைவர் செயலாளர் தெரிவு வைக்கவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்து இருபது பேர் சேர்ந்து முதலில் தங்கள் வாய்க்காலைச் சிரமதானத்தில் வெட்டித் துப்புரவாக்கினார்கள். பிறகு முறைவைத்துப் பாய்ச்சினார்கள். மிச்சப்பட்ட தண்ணீரைக் கீழே விட்டார்கள். குளத்தில் தண்ணீர் குறைந்திருந்த போகத்திலேயே இது நடந்தது. பிரதிநிதியை வாக்கெடுக்காமல் எல்லாரும் ஒத்துக்கொண்டு தெரிவுசெய்தார்கள். வாய்க்கால் மட்டத்தில் வேலை ஓடத் தொடங்கிய பிறகுதான் அதற்கு மேலே பெரிய அமைப்புகள் எழும்பின. பொறியியலாளர்களும் மெல்ல மெல்ல விவசாயியோடு சேர்ந்து நடந்து வாய்க்கால் வடிவத்தைத் தீர்மானிக்கப் பழகினார்கள். நீர்முகாமைத்துவம் படிக்கிறவர்கள் உலகமெங்கும் இன்றைக்கும் கல்லோயாவை எடுத்துப் பேசுகிறார்கள்.

எங்கள் சங்கங்கள் பொதுவாக இதற்கு எதிர்த்திசையில் நடக்கின்றன. முதலில் யாப்பு, இறப்பர் முத்திரை, பெயர்ப்பலகை, வங்கிக் கணக்கு. என்ன வேலை என்பது அடுத்த கூட்டத்தில். வயல் தண்ணீருக்கும் வாய்க்காலுக்கும் ஊரில் ஒருவரைப் பொறுப்பாக வைக்கும் வட்டவிதானை முறை இருந்த மண்ணில், எந்த வாய்க்காலை எவர் எப்போது துப்புரவாக்குவது என்பது ஊரே அறிந்த விடயமாக இருந்த மண்ணில், இப்படி ஆனது விசித்திரம்தான்.

ஒருவர் தலைக்குள் மட்டும் திட்டம் இருப்பது

இது சின்னப் பிழை மாதிரித் தெரியும், ஆனால் நல்ல சங்கங்களைக் கொல்வது இதுதான். சுறுசுறுப்பான ஒரு செயலாளர் எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்வார். அவர் கட்டாருக்குப் போன மாதம் சங்கம் படுத்துவிடும். கணக்குப் புத்தகம் அவர் மாமியார் வீட்டு அலுமாரியில், பிரதேச செயலகத்துக்கு எழுதிய கடிதப் பிரதி அவர் போனில். அறிக்கைப் புத்தகத்தைத் திறந்தால் “மேற்படி விடயம் கலந்துரையாடப்பட்டது” என்று இருக்கும். என்ன தீர்மானம், யார் பொறுப்பு, எந்தத் திகதிக்குள் என்பது இருக்காது. தீர்மானத்துக்குப் பக்கத்தில் ஒரு பெயரும் ஒரு திகதியும் எழுதும் பழக்கம் வந்தாலே பாதிச் சங்கங்கள் பிழைக்கும். ஒரு வருடத்துக்குப் பதினைந்து தீர்மானம் எடுப்பதைவிட மூன்றை எடுத்து முடிப்பது நல்லது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டுத் திட்டத்தை அயல் வீட்டைப் பார்த்துப் போடுவது

மட்டக்களப்பில் ஒரு குடும்பத்தின் மிகப் பெரிய திட்டம் மகளுக்கு வீடு. மகள் பிறந்ததிலிருந்தே அந்தக் கணக்கு ஓடும். பக்கத்து வீட்டுக்காரர் மேல்மாடிக்கு ஆயத்தமாகத் தூண் எழுப்பினால் நாங்களும் எழுப்புவோம். வெளிநாட்டிலிருந்து வரும் காசு அத்திவாரத்துக்கும் தூணுக்கும் சரி. கூரைக்கு வரும்போது நகை அடகுக் கடைக்குப் போகும், அதுவும் போதாமல் நுண்கடன் வீட்டு வாசலுக்கு வரும். தூணுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் கம்பிகள் கடற்காற்றில் செதில் செதிலாகத் துருவேறும். உப்புக்காற்றில் அது வேகமாக நடக்கும். பிறகு அந்தக் கம்பியை நம்பி மேல்மாடி கட்டுவதும் ஆபத்து.

2022இல் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். ஒரு மூடை சீமெந்து ஆயிரம் ரூபாயை அண்டி இருந்தது, மூவாயிரத்தை எட்டியது. ஒரே மூச்சில் பெரிய வீட்டைத் தொடங்கியவர்கள் அப்படியே நின்றார்கள். இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு மலசலகூடம் என்று முதலில் குடியிருக்கக் கூடிய அளவை முடித்து, மிச்சத்தைப் பின்னால் ஒட்டக்கூடியதாக வரைந்தவர்களுக்கு அந்த வருடம் தலைக்குமேல் கூரையாவது இருந்தது. மேசனிடம் வரைபடம் கேட்கும்போதே சொல்லுங்கள்: காசு நின்றாலும் குடியிருக்கக்கூடிய இடத்தில் வேலை நிற்க வேண்டும்.

எப்போது மாற்றுவது என்று முன்கூட்டியே பேசாமல் இருப்பது

மாரி வெள்ளத்தில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மணலை வெட்டுவதா வேண்டாமா என்ற சர்ச்சை எங்களுக்குப் பழகியது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் மூழ்குகிறவர் உடனே வெட்டச் சொல்வார். வாவியில் இறால் வளர்வதைப் பார்த்திருக்கும் மீனவர் பொறுக்கச் சொல்வார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தண்ணீர் கழுத்துக்கு வந்த பிறகு கூட்டம் கூட்டினால் குரல் பெரியவர்தான் வெல்வார். வாவியின் நீர்மட்டம் இந்த அளவைத் தொட்டால் வெட்டுவது, அதுவரை தொடுவதில்லை என்று புரட்டாதியில், மனம் குளிர்ந்திருக்கும்போது, இரு பக்கமும் ஒத்துக்கொண்டு வைத்தால் மாரியில் சண்டைக்கு இடம் குறைவு.

உயர்தரம் எழுதும் பிள்ளைக்கும் இப்படி ஒரு அளவுகோல் வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு மூன்று தடவை எழுதலாம் என்பதால் மூன்று தடவையும் விஞ்ஞானப் பிரிவிலேயே, அதே ரியூசனிலேயே, அதே நம்பிக்கையிலேயே போகிறவர்கள் நிறையப் பேர். முதல் தடவைப் பெறுபேறு இதற்குக் கீழே வந்தால் அடுத்த தடவைக்குப் படித்துக்கொண்டே இன்னொன்றுக்கும் விண்ணப்பிப்பது என்று பரீட்சைக்கு முதலே தாயும் தகப்பனும் பிள்ளையும் இருந்து பேசிக்கொள்ளுங்கள். பெறுபேறு வந்த அன்று வீட்டில் யாருக்கும் நிதானமாக யோசிக்க வராது. மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனங்கள் இருக்கின்றன. கணக்கியல், ஆங்கிலம் என்று உயர் தேசிய டிப்ளோமாப் பாடநெறிகள் அங்கே நடக்கின்றன. அவற்றுக்கான விண்ணப்பத் திகதி மறுபடி எழுதுவோமா விடுவோமா என்று வீட்டில் இழுபறிப்படும் கிழமைகளுக்குள்ளேயே கடந்து போய்விடலாம். பத்திரிகை அறிவித்தலை வெட்டி எடுத்து, முடிவுத் திகதியைக் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.