நீலகிரியில் தினசரிக்கு ஒரு மடக்குக்கத்தி: வாங்குவது, வைத்துக்கொள்வது, தீட்டுவது

கேரட் மூட்டையின் சணலை அறுப்பது, பேரிக்காயை நான்காக நறுக்குவது, சொட்டுநீர்க் குழாயை வேண்டிய நீளத்துக்கு வெட்டுவது, கூரியர் பெட்டியின் டேப்பைக் கிழிப்பது. பையில் இருக்கும் கத்திக்கு ஒரு நாளில் வரும் வேலை பெரும்பாலும் இவ்வளவுதான். கிளை கழிக்க அரிவாள் இருக்கிறது, காய் நறுக்க அரிவாள்மனை இருக்கிறது. அந்த வேலைகளையும் இதிலேயே செய்யலாம் என்று நினைத்துப் பெரிய கத்தி வாங்குபவர்கள் ஒரு மாதத்தில் அதை அலமாரியில் போட்டுவிடுவார்கள்.

சமவெளியில் எந்தக் கத்தி வாங்கினாலும் ஓரளவு ஓடிவிடும். உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் அப்படி இல்லை. ஈரத்தில் துரு ஏறும், குளிரில் விரல் மரத்துப்போகும், போதாததற்கு ஊர் முடியும் இடத்தில் காடு தொடங்கிவிடும். வாங்கும் முன் இந்த மூன்றையும் யோசிக்க வேண்டும். கொடைக்கானல்காரர்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

படி 1: அளவு

அலகின் (வெட்டும் தகட்டின்) நீளம் 6 முதல் 7.5 செ.மீ. போதும். முதுகுப்பக்கத் தடிமன் 2 முதல் 2.5 மி.மீ. இருக்கட்டும். 3 மி.மீ.க்கு மேல் போனால் பழம் நறுக்கும்போது வெட்டுவதற்குப் பதில் பிளக்கும். எடை 100 கிராமுக்குள் இருந்தால்தான் தினமும் எடுத்துப்போகத் தோன்றும்.

இந்த அளவில் சட்டச் சிக்கலும் குறைவு. ஆயுத விதிகள் 2016இன் பட்டியலில் உரிமத்துக்கு உட்படும் கத்தி என்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகு. வீட்டு வேலை, விவசாயம், தொழில், அறிவியல் பயன்பாட்டுக்கென்று செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. அதற்காக, பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தியை வாங்காதீர்கள். தினசரி வேலைக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. போலீஸ் சோதனையில் பதில் சொல்லத்தான் நேரம் போகும்.

படி 2: எஃகு

இங்கே தயங்கவே வேண்டாம், துருப்பிடிக்காத எஃகு. கார்பன் எஃகு சீக்கிரம் கூராகும், கூரும் நன்றாக நிற்கும், உண்மைதான். ஆனால் ஆடி மாதத்தில் கூடலூரிலோ தேவாலாவிலோ எலுமிச்சையை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் மடக்கினால் மறுநாள் காலையில் பழுப்புப் புள்ளி தெரியும். தினமும் துடைத்து எண்ணெய் தடவும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது சரி. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அது வீண் தலைவலி.

துருப்பிடிக்காதது என்று பெயர் இருந்தாலும் துருவே பிடிக்காது என்று அர்த்தமில்லை. குரோமியம் 10.5 சதவீதத்துக்கு மேல் சேர்வதால் மேற்பரப்பில் ஒரு மெல்லிய காப்பு உருவாகிறது. உப்பும் புளியும் பட்டு ஈரத்தோடே மடங்கிக் கிடந்தால் அந்தக் காப்பும் தோற்கும். முதலில் துருப்பிடிப்பது கீல் பக்கம்தான், ஏனென்றால் அங்கே துணி போகாது.

ரொம்பக் கடினமான, விலை உயர்ந்த எஃகைத் தேடிப் போகவும் வேண்டாம். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் கத்திகளின் எஃகு, கடினத்தன்மையைக் குறிக்கும் ராக்வெல் அளவில் 56தான், அப்படி ஒன்றும் கடினமில்லை. ஆனால் ஹார்ட்வேர் கடைக் கல்லிலேயே பத்து நிமிடத்தில் கூராகிவிடும்.

படி 3: திறப்பும் பூட்டும்

கடையில் பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பூட்டு இல்லாத கத்தியில் ஒரு ஸ்பிரிங் மட்டும் அலகைப் பிடித்துக்கொண்டிருக்கும். வெட்டும்போது விசை அலகைத் திறந்த நிலையிலேயே அழுத்துவதால் பிரச்சினை இல்லை. முனையால் குத்தும்போதுதான் ஆபத்து: தடிமனான பிளாஸ்டிக்கிலோ ரப்பரிலோ முனை மாட்டினால் அலகு திரும்பி விரல்மேல் மடங்கும். உங்கள் வேலை பழம், சணல், டேப் என்றால் பூட்டில்லாததே போதும். குழாயில் துளையிடுவது, கேனில் ஓட்டை போடுவது என்று குத்தும் வேலை வருமானால் பூட்டுள்ளதை வாங்குங்கள்.

பூட்டு பல வகை. கைப்பிடியின் முதுகில் அழுத்தி விடுவிப்பது ஒன்று. கைப்பிடிக்குள் இருக்கும் தகட்டைக் கட்டைவிரலால் தள்ளுவது இன்னொன்று. இதை மடக்கும்போது கட்டைவிரல் அலகு வரும் பாதையிலேயே நிற்கும். அலகு கொஞ்சம் நகர்ந்ததும் விரலை எடுத்துவிட்டு மீதியை மடக்க வேண்டும். மூன்றாவது வகை, பிரான்சின் ஒபினெல் கத்தியில் 1955 முதல் வரும் சுழல் வளையம். ஒரு பக்கம் திருப்பினால் பூட்டு, மறுபக்கம் திருப்பினால் திறப்பு. புதியவர்களுக்குப் புரிந்துகொள்ள இதுதான் சுலபம்.

ஒபினெல் வாங்குவதானால் துருப்பிடிக்காத அலகு உள்ளதைக் கேளுங்கள். 6ஆம் எண், அல்லது கொஞ்சம் பெரியதாக 8 செ.மீ. அலகுள்ள 7ஆம் எண், சட்டைப்பைக்குச் சரி. ஒரே ஒரு எச்சரிக்கை: அதன் கைப்பிடி மரம். தென்மேற்குப் பருவமழையில் மரம் ஊறிப் பருத்து அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். கைப்பிடியின் பின்முனையை மேசையில் நான்கு தட்டு தட்டினால் அலகு சற்று மேலே வரும். அப்போதும் வராவிட்டால் நகத்தால் மல்லுக்கட்டாதீர்கள். ஒரு வாரம் உலர்ந்த இடத்தில் வையுங்கள், தானாக இளகும். அலகு மடங்கும் பள்ளத்தின் உள்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டால் அடுத்த மழைக்கு இந்தத் தொல்லை குறையும்.

அடுத்தது குளிர். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் விரல் நுனியில் உணர்வு இருக்காது. அந்த நேரத்தில் சின்ன நகப்பள்ளத்தில் நகம் கொடுத்து விறைப்பான ஸ்பிரிங்கை இழுப்பது கஷ்டம். நகம் நழுவி, அலகு பாதி வழியில் பட்டென்று மடங்கும். பள்ளம் நீளமாக உள்ள கத்தி, அல்லது கட்டைவிரல் வைத்துத் தள்ள அலகில் துளையோ குமிழோ உள்ள கத்தி இங்கே உசிதம். கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு கடைக்குப் போய்த் திறந்து பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

படி 4: கடையில் பார்க்க வேண்டியவை

மடக்கிய நிலையில் விரலைக் கைப்பிடி நெடுகத் தடவுங்கள், முனை எங்கும் தட்டுப்படக் கூடாது. திறந்து பக்கவாட்டில் அசையுங்கள், ஆட்டம் இருந்தால் வேண்டாம். மேலிருந்து பார்த்தால் அலகு நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் மடக்கும் ஒவ்வொரு முறையும் கூர் விளிம்பு தகட்டில் உரசி மழுங்கும். பூட்டு இருந்தால், விரல்களை விலக்கிப் பிடித்துக்கொண்டு அலகின் முதுகை மரப்பலகையில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ரம்பப் பல் வைத்த அலகைத் தவிருங்கள், தட்டைக் கல்லில் அதைத் தீட்ட முடியாது.

நிறம் அழகுக்காக மட்டுமில்லை. கறுப்பு, பச்சை, மர நிறம் எல்லாம் தேயிலைச் செடிக்கு அடியில் விழுந்தால் போனதுதான். சிவப்போ ஆரஞ்சோ வாங்குங்கள். வேறு நிறம் பிடித்துவிட்டால் ஒரு சாண் மஞ்சள் கயிறையாவது கட்டிவிடுங்கள்.

படி 5: எங்கே வைப்பது

பேண்ட்டின் முன்பையில், சாவியும் சில்லறையும் இல்லாத பக்கம். சாவியோடு கிடந்தால் கைப்பிடி கீறும், நகப்பள்ளத்தில் அழுக்கு சேரும். பின்பையில் வைத்தால் பேருந்து இருக்கையில் உட்காரும்போது குத்தும், நழுவியும் போகும். ஜெர்கின் பை வசதிதான், ஆனால் வெயில் வந்ததும் ஜெர்கினைக் கழற்றி எங்காவது போட்டுவிடுவோம், கத்தியும் அதோடு போய்விடும்.

படி 6: எங்கே கொண்டுபோகக் கூடாது

வனத்தைப் பற்றி முதலில். வன உயிரின பாதுகாப்புச் சட்டம் 1972இன் 31ஆம் பிரிவின்படி, எழுத்துமூல முன் அனுமதி இல்லாமல் எந்த ஆயுதத்தோடும் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. ஆயுதம் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் வலை, கண்ணி, விஷம் ஆகியவற்றோடு கத்தியும் இருக்கிறது. இத்தனை அங்குலத்துக்கு மேல் என்ற கணக்கெல்லாம் அதில் கிடையாது. ஆகவே முதுமலை சவாரிக்கோ, முக்குருத்தி பக்கமோ, பழனி மலையில் கொடைக்கானல் சரணாலயத்துக்கோ போகும் நாளில் கத்தி அறையிலேயே இருக்கட்டும். ஆயுத விதிகளின் 9 அங்குலக் கணக்கை இங்கே காட்டிப் பேச முடியாது, இது வேறு சட்டம்.

விமானத்தில் கைப்பைக்குள் கத்தி கூடாது. கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு இறங்கும் முன்பே அதைச் சுற்றிக் கட்டி, ஏற்றிவிடும் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். சோதனையில் கண்டுபிடித்தால் திரும்பக் கிடைக்காது. நீதிமன்றம், கலெக்டர் அலுவலகம், பள்ளி, வாக்குச்சாவடி இவற்றுக்குப் போகும்போது வீட்டிலேயே விட்டுப்போவதுதான் புத்திசாலித்தனம்.

படி 7: கையாளும் முறை

உடம்பிலிருந்து வெளிப்புறமாக வெட்டுங்கள். சணலை அறுக்கும்போது அலகைக் கயிறுக்கு அடியில் கொடுத்து மேல்நோக்கி இழுப்பது பலருக்கும் பழக்கம். கயிறு அறுந்த நொடியில் கத்தி போகும் திசையில் உங்கள் முகமோ பக்கத்தில் நிற்பவரோ இருக்கக் கூடாது. பெட்டி டேப்புக்கு அலகின் முன் ஒரு செ.மீ. போதும், முழு அலகையும் இறக்கினால் உள்ளே இருக்கும் பொருள்தான் கிழியும்.

இயந்திரத் தையல் போட்ட உர மூட்டைக்குப் பெரும்பாலும் கத்தியே வேண்டாம். தையலின் ஒரு ஓரத்தில் நூலை மட்டும் அறுத்து இழுங்கள், சங்கிலித் தையல் முழுதும் சரசரவென்று கழன்று வரும். வரவில்லையென்றால் மறு ஓரத்தில் முயலுங்கள். சாக்கும் கிழியாமல் மறுபடி உதவும்.

பெயின்ட் டப்பா மூடியை நெம்புவது, திருகாணி திருப்புவது, இவைதான் முனை உடைவதற்கு முக்கியக் காரணம். மெல்லிய அலகு நேர்விசையைத் தாங்கும், பக்கவாட்டு விசையைத் தாங்காது.

பிறருக்குக் கொடுக்கும்போது மடக்கிக் கொடுங்கள், அல்லது கீழே வையுங்கள், அவர் எடுத்துக்கொள்ளட்டும். கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சண்டை வருமோ வராதோ, காயம் வராது.

அப்படியும் விரல் அறுபட்டால் சுத்தமான தண்ணீரில் கழுவி, துணியால் விடாமல் பத்து நிமிடம் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் ரத்தம் நிற்காது. காப்பித்தூளோ மஞ்சளோ அப்பாதீர்கள், தையல் போடும் மருத்துவர் அதைக் கழுவியெடுக்கவே நேரமாகும். விரல் மடங்கவில்லை, நுனி மரத்திருக்கிறது, ரத்தம் நிற்கவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள், தேதியை நினைவில் வையுங்கள்.

படி 8: தீட்டுவது

ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசு என்று இருக்கும் சாணைக்கல் போதும். தண்ணீரா எண்ணெயா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள், எண்ணெய் குடித்த கல்லில் பிறகு தண்ணீர் இறங்காது. தண்ணீர் என்றால் குமிழி நிற்கும் வரை கல்லை ஊறவைத்து, ஈரத்துணிமேல் வையுங்கள், நகராது.

கோணம் பக்கத்துக்கு 20 டிகிரி. காகிதத்தின் மூலை 90 டிகிரி. அதை ஒருமுறை மடித்தால் 45, இன்னொரு முறை மடித்தால் 22.5. அந்த மடிப்பைக் கல்லில் வைத்து, அதைவிட ஒரு மயிரிழை தாழ்வாக அலகைச் சாயுங்கள். அலகு 15 மி.மீ. அகலம் என்றால் முதுகு கல்லிலிருந்து 5 மி.மீ. உயரத்தில் இருக்கும்.

சொரசொரப்பான பக்கத்தில், கல்லிலிருந்து மெல்லிய சீவல் எடுப்பது போல, கூர் விளிம்பு முன்னால் போக, அடியிலிருந்து முனை வரை தள்ளுங்கள். முனை வளையும் இடத்தில் கைப்பிடியைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். ஒரே பக்கம் பத்து முறை தள்ளியபின், எதிர்ப்பக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி வெளியே தடவுங்கள். விளிம்பின் நீளவாக்கில் தடவாதீர்கள். நைலான் நூல்போல ஒரு பிசிறு தட்டுப்படும். அடி முதல் முனை வரை அந்தப் பிசிறு வரும் வரை பக்கம் மாற்றக் கூடாது. எவ்வளவு தேய்த்தும் கூரே வரவில்லை என்பவர்கள் அநேகமாக இதற்கு முன்பே நிறுத்தியவர்கள்தான்.

மறுபக்கத்திலும் பிசிறு வந்ததும் கல்லைத் திருப்பி, நைசான பக்கத்தில் இடம் ஒன்று வலம் ஒன்றாகப் பத்துப் பத்து, கத்தியின் எடை மட்டும் படும்படி. கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், விளிம்பு பின்னால் வரும்படி பத்து இழுப்பு. செய்தித்தாளைக் கையில் பிடித்து வெட்டினால் மாட்டாமல் போக வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மாட்டினால் அங்கே பிசிறு இன்னும் ஒட்டியிருக்கிறது.

சுழலும் சாணைச் சக்கரத்தில் இந்த மெல்லிய அலகைக் கொடுக்க வேண்டாம். உலர்ந்த சக்கரத்தின் சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது. அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

படி 9: மழைக்காலப் பராமரிப்பு

டேப் பசை அலகில் ஒட்டியிருந்தால் துணியில் இரண்டு சொட்டு நீலகிரித் தைலம் விட்டுத் துடையுங்கள், கரைந்துவிடும். பிளாஸ்டிக் கைப்பிடியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, திறந்தபடியே நன்றாக உலரவிடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும், உதகையில் அது வருடத்தில் பெரும்பகுதி. கீலில் விட்டால் கெட்டியாகித் திறப்பதே கடினமாகும். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாராஃபின் உறையாது, சிக்குப் பிடிக்காது, பழம் நறுக்கும் அலகிலும் தடவலாம். கீலுக்கு ஒரு சொட்டு, அலகுக்கு மெல்லிய பூச்சு, அவ்வளவே.

பல நாள் எடுக்காமல் வைப்பதானால் தோலுறையில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி அலகோடு ஒட்டவைத்துக்கொள்ளும், அங்கேதான் துரு தொடங்கும். இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில், புதிய ஷூப் பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு, கத்தியைப் பாதி திறந்தபடி வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடுத்துக் கீல் பக்கம் பாருங்கள்.